ஸ்டுட்கார்ட் போய் வந்த மாப்பிள்ளை

பஸ்லான் ஜேர்மனிக்குப் புறப்பட்டது 2024 ஜனவரி ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வாழ்ந்ததாக அவர் இப்போது சொல்லிவருகிறார். அது சரியல்ல. அந்த வருடத்து நோன்பு தொடங்குவதற்கு முன்பே, மார்ச் மாதத்தின் முதற் கிழமையில், அவர் திருகோணமலைக்குத் திரும்பிவிட்டார். குளிர்தான் தன்னை விரட்டியது என்கிறார். அதுவும் சரியல்ல. அவரை விரட்டியது கூட்டுகிற ஒரு தும்புத்தடி.

அவர் மட்டும் சம்பந்தப்பட்ட விடயம் என்றால் எப்படியும் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதங்களில், ஒரு சிறுபிள்ளை தாயிடம் போய்ச் சேர்வதா இல்லையா என்பது இந்த மனிதரின் கையில் கிடந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியிருக்கிறது.

பஸ்லான் பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்தவர். 2014இல் எங்கள் ஒழுங்கைக்கு மாப்பிள்ளையாக வந்தார். ஓர்ஸ் ஹில்லிலிருந்து உட்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை இது. இங்கே முஸ்லிம் குடும்பங்களில் பெண் கணவனுடைய வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். துறைமுகத்து இழுவைப் படகுகளில் என்ஜின் பார்த்து ஓய்வுபெற்ற ஸஹாப்தீனும் அப்படித்தான் செய்தார். நான்கு அறை, முன் விறாந்தை, வழுவழுப்பான தரை என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை மகள் ஜுமானாவுக்கு எழுதினார். அவரும் மனைவி ஜெமீலாவும் குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட இரண்டு அறைகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். வழக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. நல்ல மனிதர் வந்தால் அது நல்ல வழக்கம்.

வீட்டு மாப்பிள்ளையை இந்த ஒழுங்கையில் யாரும் ‘அவன்’ என்று சொல்வதில்லை. ஸஹாப்தீனின் அடுத்த வீட்டில் இருக்கும் நானும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அவருடைய தகுதிக்காக அல்ல.

அந்த நாட்களில் அவர் தன் மாமா அபூதாஹிரின் ஹாட்வெயார் கடையில் மனேஜர் என்று சொல்லிக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: அபூதாஹிர், ஆணியும் பைப்பும் எடுத்துக் கொடுக்கும் ஒருவர், மின்விசிறிக்குக் கீழே கதிரையில் பஸ்லான். வீட்டிலும் அவருடைய உத்தியோகம் அதே கதிரைதான். ஒரு முறை குளியலறை பல்ப் எரிந்துபோனது. அறுபத்தாறு வயது ஸஹாப்தீன் கதிரையில் ஏறி நின்று அதைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, கவனம், கதிரைக் கால் ஆடுது,” என்றார் பஸ்லான், விறாந்தையில் இருந்தபடியே.

“அப்ப வந்து கொஞ்சம் புடிங்களன், மருமகன்.”

“புடிச்சா அது ஆடுறது தெரியாமப் போயிடும், மாமா.”

இப்படிப்பட்ட மனிதரை உருவாக்கியதில் ஜெமீலாவுக்கும் பங்கு உண்டு. மருமகனிடம் ஒரு வாளித் தண்ணீர் எடுக்கச் சொன்னாலும் அவர் குறுக்கே விழுவார். “அவர் வந்த புள்ள. வந்த புள்ளைக்கிட்ட வேலை சொல்றதா?” வந்து எட்டு வருடங்கள் கழிந்தும் பஸ்லான் வந்த பிள்ளையாகவே இருந்தார். தட்டில் பெரிய மீன் துண்டு அவருக்கு. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வரும் ஜுமானாவுக்குத் தலைப்பக்கம்.

ஜுமானா தாதி. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடு முழுக்க வரிசையில் நின்ற வருடத்தில், அவள் ஜேர்மன் மொழி படித்து, ஸ்டுட்கார்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை எடுத்துப் போனாள். மகள் அம்றாவுக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளை பாட்டன் பாட்டியோடு இங்கே நின்றது. தாயோடு தினமும் போனில் கதைத்தது; கதைத்து முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுக்காமல் மேசைக்கடியில் போய் இருந்தது.

ஜுமானாவின் திட்டம் எளிமையானது. முதலில் கணவர் போவார். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் ஓர் ஆள் இருக்கும். பிறகு ஒற்றை அறையை விட்டுப் பெரிய வீடு ஒன்று எடுப்பார்கள். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கும் முன் அம்றா போய்ச் சேர்ந்துவிடுவாள். திட்டத்தில் இருந்த பிழை ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் பஸ்லான்.

போவதற்கு அவருக்கு ஜேர்மன் மொழியில் ஆரம்பப் பரீட்சை ஒன்று தேவைப்பட்டது. படிப்பதற்காகக் கடை வேலையை விடப்போவதாக அபூதாஹிரிடம் சொன்னார். அபூதாஹிர் அன்றைக்கே சம்மதித்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவும் இல்லை. முதல் தடவை தவறியதற்குக் காரணம் கொழும்பு பஸ். இரண்டாம் தடவை, பரீட்சை மண்டபத்து ஏசி. மூன்றாம் தடவை சித்தியடைந்தார். அதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பது இங்கே வழக்கம். பஸ்லான் வெள்ளை ஜுப்பா போட்டு, அத்தர் பூசி, ஸ்டுட்கார்ட்டுக்குப் பயணம் சொன்னார். மின்சார மீற்றர் வாசித்து ஓய்வுபெற்ற தவராசாவின் வீட்டுக்கு அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“வாருங்கோ தம்பி,” என்றார் தவராசா. “எப்ப மக்காவுக்கு?”

“மக்கா இல்ல அண்ணன், ஜேர்மனி.”

“ஓமோ? உடுப்பைப் பார்த்து ஏமாந்திட்டன்.”

“தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.”

“பிழை செய்யிறதெண்டாலும் ஏதாவது செய்ய வேணுமெல்லோ, தம்பி. நீங்கள் ஒண்டுமே செய்யேல்ல. நிம்மதியாப் போட்டு வாங்கோ.”

பஸ்லான் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கிண்ணியாவிலிருந்து அவருடைய தாய் நஜ்முன் நிஸா ஒரு முட்டி எருமைத் தயிர் கட்டிக் கொடுத்திருந்தார். அதைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் கொண்டுபோனார். ஜேர்மன் அதிகாரிகள் ருசி பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பது அவருடைய கதை. தயிர் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டவே இல்லை. அங்கே பைகளைச் சோதிக்கும் இடத்தில் முட்டியோடு எடுத்துக் கூடைக்குள் போட்டார்கள். வழியனுப்பப் போன ஸஹாப்தீனுக்கு அங்கிருந்தே போன் எடுத்து அழாத குறையாகச் சொன்னவர் இவர்தான்.

இனி வருவது ஜுமானா பிறகு சொன்னதும், பஸ்லானே படம் பிடித்து அனுப்பியதும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. பஸ்லானின் வாய்ச்சொல்தான் இரண்டோடும் முரண்பட்டது.

ஜுமானா வாடகைக்கு இருந்தது நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில், ஒற்றை அறை. மொத்தம் எட்டு வீடுகள். கட்டடத்தின் சொந்தக்காரி திருமதி எபர்லே, எழுபத்தெட்டு வயது விதவை, கீழ்த்தளத்தில் இருந்தார். இரண்டாம் மாடியில் மூன்று அறை வீடு ஒன்று வரும் மே மாதம் காலியாவதாக இருந்தது. அதை ஜுமானாவுக்குத் தர அவருக்கு மனம் இருந்தது. “உன்னை எனக்குத் தெரியும். உன் கணவரை இன்னும் தெரியாது. பார்ப்போம்,” என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த வீடு கிடைத்தால் அம்றா வரலாம். ஒற்றை அறையில் மூன்று பேர் இருக்க வாடகை ஒப்பந்தத்தில் இடமில்லை.

பஸ்லான் போய் இறங்கிய மறுநாளே தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று கட்டடம் முழுவதையும் வீடியோ எடுத்தார். “இதுதான் நம்மட வீடு,” என்று அதில் அவருடைய குரல் கேட்கிறது. பொய் சொல்கிறோம் என்ற தயக்கம் அந்தக் குரலில் இல்லை. பெண்ணுக்கு வீடு இருக்கும், அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை போவார். ஊரில் பார்த்தது அவ்வளவுதான், உலகமும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். பிறகு மேலே ஏறிப்போய்க் கதிரையைத் தேடினார்.

ஜுமானா வேலையால் வந்து சமைத்தாள். தேத்தண்ணீரில் சாயம் போதாது என்றார். கரண்டியைக் கழுவ வைக்கும் இடத்தைக் காட்டினாள். நல்ல இடம் என்றார்.

பெப்ரவரியில் ஜுமானாவை ஒரு கிழமைப் பயிற்சிக்கு உல்ம் என்ற பக்கத்து நகரத்துக்கு அனுப்பினார்கள். அவள் போன மறுநாள் காலை, அவர்களுடைய வாசற் கதவில் ஒரு பலகை தொங்கியது. பழைய மரப்பலகை, சிவப்புக் கயிறு, செதுக்கிய எழுத்துக்கள். பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் அந்தச் சொல் இருக்கவில்லை. பஸ்லானுக்கு அதைத் தேடிப் பார்க்கவும் தோன்றவில்லை. புது மாப்பிள்ளை வந்தால் இங்கே அயலவர்கள் தட்டுத் தட்டாகப் பலகாரம் அனுப்புவார்கள். வாசலில் சோடனை கட்டுவார்கள். அங்கே பலகை கொடுக்கிறார்கள் போலும் என்று முடிவு செய்தார்.

பலகையோடு தன்னையும் சேர்த்துப் படம் பிடித்து, “கட்டடத்தார் எனக்குத் தந்த மரியாதை” என்று எழுதிப் போட்டார். ஒரே நாளில் கிண்ணியா முழுவதும் அது போய்விட்டது. நஜ்முன் நிஸா ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார். பஸ்லானோ பலகையை வெளியில் விட்டால் யாரும் எடுத்துவிடுவார்கள் என்று உள்ளே கொண்டுபோனார்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. மூன்றாம் மாடி யன்னலிலிருந்து எடுத்தது. கீழே, கட்டடத்தின் முன்னால், முழங்கால் மறைய விழுந்திருந்த பனியை ஒரு கிழவி மண்வாரியால் தள்ளிக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடிக்கிறார். பஸ்லான் கையசைப்பதும் தெரிகிறது. அதன் கீழே அவர் எழுதியது: “இங்கே வேலைக்காரர்கள் வயது போனாலும் சுறுசுறுப்பு.”

அன்று மாலை ஜுமானா போன் எடுத்தாள். ஸஹாப்தீன் வளவுக்குள் போனைச் சத்தமாக வைத்தார். நானும் ஜெமீலாவும் பக்கத்தில்.

“வாப்பா, அவர் போட்ட பலகைப் படத்தப் பாத்தீங்களா?”

“பாத்தன் மகள். ஊரெல்லாம் அதுதான் கதை. பெருமையா இரிக்கி.”

“கொஞ்சம் இருங்க. அவரையும் கோல்ல எடுக்கன்.”

பஸ்லானின் குரல் வந்தது. நித்திரையால் எழும்பிய குரல்.

“பலகை எங்க?” என்றாள் ஜுமானா.

“கட்டிலுக்கு மேல மாட்டிட்டன். சுவர்ல ஆணி இறங்குதில்ல. கயிறு போட்டுக் கட்டினன்.”

எனக்குத் தெரிந்தவரை, ஒரு வீட்டுக்குள் அவர் தன் கையால் செய்த முதல் வேலை அதுதான்.

“அது படி கூட்டுற முறைப் பலகை. யார்ட வாசல்ல தொங்குதோ அவங்க அந்தக் கிழமை படி கூட்டித் துடைக்கணும். முன்னுக்குப் பனி தள்ளணும். முடிச்சிட்டு அடுத்த வாசல்ல மாட்டணும். நம்மட முறை வர இன்னும் ரெண்டு கிழமை இரிந்த. மேல் வீட்டார் லீவுல போறதால முன்னுக்குத் தள்ளிட்டாங்க. இப்ப அந்தப் பலகையத்தான் கட்டடம் முழுக்கத் தேடுறாங்க. எபர்லே அம்மாட மவுத்தான புருசன் தன்ட கையால செதுக்கினது.”

போனில் கட்டில் கிறீச்சிட்டது; பஸ்லான் எழும்பி உட்கார்ந்தார் போலும்.

“அப்ப அந்தக் கிழவி?”

“எந்தக் கிழவி?”

“பனி தள்ளின வேலைக்காரி.”

“அவங்கதான் வீட்டுக்காரி.”

பிறகு பஸ்லான் மனம் நொந்து சொன்னார்: “நான் கை காட்டின. அவ காட்டல்ல.”

ஸஹாப்தீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெமீலா போனுக்குக் கிட்ட வந்தார். “மகள், மருமகனோட சத்தம் போடாத. குளிர்ல இரிக்கார்.”

“உம்மா, அந்த மனிசியும் குளிர்லதான் நிண்ட.”

ஜுமானா பயிற்சியிலிருந்து திரும்பி, பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு கீழே போனாள். திருமதி எபர்லே சத்தம் போடவில்லை. வரும் சனிக்கிழமை, தவறவிட்ட முறைக்குப் பதிலாக, அந்த மனிதர் தானே கூட்டட்டும், அதைப் பார்த்த பிறகு இரண்டாம் மாடியைப் பற்றிக் கதைக்கலாம் என்றார். அதைவிட நியாயமாக யாரும் கேட்க முடியாது. அம்றாவுக்கும் தாய்க்கும் இடையில் இப்போது மூன்று மாடிப் படிகளும் வாசலில் கொஞ்சத் தெருவோரமும் மட்டும்தான் கிடந்தன.

சனிக்கிழமை பஸ்லான் மேல்மாடிப் படிகளைக் கூட்டினார். உள்ளே பார்க்க ஆள் இல்லை என்பதால் அது நடந்தது. வாசலைத் திறந்து தெருவோரத்தில் தும்புத்தடியை வைத்தபோது, எதிர்ப்பக்கத்தில் ஒரு பார்சல் வாகனம் நின்றது. அதை ஓட்டுபவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். ஓரிரு தடவை சலாம் சொல்லிக் கதைத்தவர். பஸ்லான் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அது யாருடையதோ என்பது போல நாலடி தள்ளிப்போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவராக நின்றார். அந்தத் தெருவில் பஸ் ஓடுவதில்லை. வாகனம் போனது. அவர் மேலே ஏறிப்போய்விட்டார். மிச்சத்தை ஜுமானா இறங்கி வந்து கூட்டினாள். கீழ்த்தள யன்னலில் திரை விலகியிருந்தது.

“கிண்ணியாக்குக் கதை போனா என்ட மரியாதை என்னாகும்?” என்று கேட்டாராம்.

“அம்றாக்காக ஒரு நாள் கூட்ட ஏலாதா உங்களுக்கு?”

“புள்ளைக்காக உசிரையும் குடுப்பன். தும்புத்தடி மட்டும் புடிக்கச் சொல்லாதீங்க.”

உயிரை யாரும் கேட்கவில்லை. மார்ச் முதற் கிழமையில், நெஞ்சில் குளிர் பிடித்துவிட்டது என்று இருமிக்கொண்டு வந்து இறங்கினார். வந்த அன்றே இருமல் நின்றது.

அவர் போன பிறகு ஜுமானா திருமதி எபர்லேயிடம் போய், வீட்டை வேறு யாருக்கும் கொடுப்பதென்றால் கொடுங்கள் என்றாளாம். “ஏன்? படி கூட்டாத ஆள் போய்விட்டார்தானே,” என்றார் அந்தப் பெண். இரண்டாம் மாடி ஜுமானாவுக்குக் கிடைத்தது. கூட வேலை செய்யும் கேரளத்துத் தாதி ஒருத்தி ஓர் அறையை எடுத்துக்கொண்டாள். ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் வீட்டில் நிற்பதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். பஸ்லானின் இடம் அவ்வளவு எளிதாக நிரம்பியது. அம்றாவின் விசா விண்ணப்பமும் மே மாதமே கொடுக்கப்பட்டது. தகப்பனின் சம்மதக் கையெழுத்து மட்டும் வேண்டும்.

பஸ்லான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார்.

“வாப்பா உசிரோட இரிக்கக்குள்ள புள்ள ஏன் அந்நிய நாட்டில வளரணும்?” என்று விறாந்தையில் இருந்து கேட்டார். நான்கு மாதம் முன்பு அதே நாட்டில் ஒரு கட்டடத்தையே தன்னுடைய வீடு என்று வீடியோ எடுத்தவர். உண்மைக் காரணத்தை ஒழுங்கையில் எல்லோரும் அறிவார்கள். பிள்ளை இங்கே நின்றால் ஜெமீலாவின் அடுப்பு மூன்று வேளையும் எரியும். அடுப்பு எரிந்தால் விறாந்தைக்கும் ஒரு தட்டு வரும். அந்தத் தட்டுக்காகப் பிள்ளையைப் பணயம் வைத்தார். மே போனது, ஜூன் போனது. ஸஹாப்தீன் கெஞ்சினார், பள்ளிவாசல் பெரியவர்கள் இருவர் வந்து கதைத்தார்கள். மாப்பிள்ளை கால் மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஜுமானா லீவில் வந்தாள். வந்த மறுநாள் காலை, எல்லோரும் இருக்கும்போது கணவரிடம் சொன்னாள்: “சரி. கையெழுத்து வேணாம். அம்றா இங்கயே நிக்கட்டும்.”

பஸ்லான் வெற்றியோடு தேத்தண்ணீர் குடித்தார்.

“நான் வாப்பாவையும் உம்மாவையும் மூணு மாசத்துக்குக் கூட்டிட்டுப் போறன். அம்றா உங்களோட.”

“என்னோடயா?”

“நீங்கதானே வாப்பா. வெள்ளன எழுப்பி, பல் தீட்ட வெச்சு, தலை இழுத்து ரெண்டு பின்னல் போடணும். ஒரு பின்னல் போட்டா ஸ்கூல்ல ஏசுவாங்க. மீன் எண்டா முள் எடுத்துக் குடுக்கணும். பின்னேரம் குர்ஆன் ஓதக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரணும். பேன் இரிந்தா பாக்கணும்.”

“சமையல்?”

“குசினி அங்கதான் இரிக்கி.”

பஸ்லான் குசினிப் பக்கம் பார்த்தார். இத்தனை வருடங்களில் அதற்குள் அவர் போனதை யாரும் கண்டதில்லை. “றம்ஸியாவ வரச் சொல்லுவம்,” என்று கிண்ணியாவில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்தார்.

“எனக்கே மூணு இரிக்கி, காக்கா,” என்று அண்ணனுக்குச் சொன்னது போன். “உங்கட ஒண்டப் பாக்க ஏலாதா? ஆம்புளதானே, கையா இல்ல?”

நண்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் கையெழுத்து விழுந்தது. பேனாவை அவரே தேடி எடுத்து வந்தார். ஸஹாப்தீனுக்கும் ஜெமீலாவுக்கும் அப்போது கடவுச்சீட்டே இருக்கவில்லை. ஸஹாப்தீன் விமானத்தில் ஏற மாட்டேன் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவருபவர். இதைக் கேட்டுப் பார்க்க பஸ்லானுக்குத் தோன்றவில்லை.

விசா வந்தது. ஓகஸ்ட் பதினேழாம் திகதி பின்னேரம் வேன் வந்து வாசலில் நின்றது. அம்றா இரண்டு பின்னலோடும் புதுச் சப்பாத்தோடும் விறாந்தைக்கு வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

“வாப்பா, நீங்க வரல்லையா?”

“வாப்பாக்கு இங்க வேலை இரிக்கி, மகள்.”

பிள்ளைக்கு அது புதிய செய்தி. “என்ன வேலை?” என்று ஆசையோடு கேட்டாள்.

பஸ்லான் வேனைப் பார்த்தார், பிறகு ஒழுங்கையைப் பார்த்தார். தவராசா தன் படலையடியில் நின்று பதிலைக் கேட்கக் காத்திருந்தார். ஜுமானா மகளின் கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள். அம்றா யன்னல் பக்கம் இருந்தாள். வேன் ஒழுங்கை முடிவில் திரும்பியபோது, அவள் தாயின் மடியில் ஏறிவிட்டிருந்தாள்.